வேப்பங்கிளையில் மல்லிகை ஐஸ்

மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் விடிகாலையில் ஒரு பிடி மல்லிகை மொட்டை அள்ளிப் பார்த்தால், இதழ் ஒன்றும் விரியாமல், காம்போரம் இளம்பச்சை பூசியபடி இறுகிக் கிடக்கும். சாயந்தரம்தான் அது வாய் திறக்கும். மலர்வதற்குள் யார் தலைக்குப் போக வேண்டுமோ அங்கே போய்ச் சேர்ந்தாக வேண்டும். 2013-ல் புவிசார் குறியீடு வாங்கிய மதுரை மல்லியின் வியாபாரம் முழுக்க இந்த ஒருநாள் ஓட்டம்தான். அதனால் தூரதேசம் போகிற பூ இருக்கும் இடத்தில் தெர்மாகோல் பெட்டியும் ஐஸும் இருக்கும்.

போன மே மாதம் அங்கே பூ வாங்கப் போனபோது, பெட்டி கட்டிக்கொண்டிருந்த ஒரு அக்கா ஐஸைத் தனியாகப் பாலிதீன் பையில் போட்டு, அதன்மேல் பேப்பரைச் சுற்றி, பிறகுதான் பூவுக்குப் பக்கத்தில் வைத்தார். ஏன் இவ்வளவு சுற்று என்று கேட்டேன். "ஐஸ் பூ மேல நேரா படக் கூடாதும்மா. பட்டா கருகிரும்" என்றார்.

கருகுமா? நெருப்புக்குச் சொல்கிற சொல்லை ஐஸுக்குச் சொல்கிறாரே என்று அந்த வார்த்தை மனதில் நின்றுவிட்டது. ஏனென்றால் அன்றைக்கு நான் பூ வாங்கப் போனதே, அந்தப் பூவை ஐஸுக்குள் வைத்து உறைய வைக்கத்தான்.

எங்கள் தெருவில் கோடை விடுமுறைக்கு ஐந்து பிள்ளைகள் சேர்ந்திருந்தார்கள். மூத்தவனுக்குப் பதின்மூன்று வயது, கடைக்குட்டிக்கு ஆறு. அவர்களோடு சேர்ந்து பூக்களை ஐஸ் வில்லைகளாக்கி வாசல் வேப்பமரத்தில் தொங்கவிடுவது என்று திட்டம். குளிர்நாடுகளில் பிள்ளைகள் பழத்தையும் இலையையும் தண்ணீரில் போட்டு உறையவைத்து முற்றத்து மரங்களில் மாட்டுவது வழக்கம்தான். கனடாவின் ஸ்கார்பரோவில் இருக்கும் தமிழ்ப் பிள்ளைகளுக்கு ஜனவரியில் பிரீசர்கூட வேண்டாம். இரவில் தட்டை வெளியே வைத்தால் காலையில் தயாராக இருக்கும். சீனாவின் ஹார்பின் நகரத்தில் 1963-ல் பனிவிளக்குக் காட்சியாகத் தொடங்கியது, 1985 முதல் ஆண்டுதோறும் நடக்கும் பெரிய திருவிழாவாகிவிட்டது. சொங்குவா ஆற்றின் உறைந்த மேற்பரப்பை அறுத்தெடுத்து அங்கே மாளிகைகளே கட்டுகிறார்கள். குளிர் விடும்வரை அவை நிற்கும்.

மதுரையில் மே மாத மத்தியானம் 40 டிகிரியைத் தொடும். இங்கே ஒரு வில்லையின் ஆயுள் ஒரு மணி நேரம்கூட இல்லை. ஆனால் அதுதான் எனக்கு வசதியாகத் தெரிந்தது. ஐஸ் எப்படிப் பிறக்கிறது என்பதை இரவிலும், எப்படிப் போகிறது என்பதைக் காலையிலும் பிள்ளைகளோடு உட்கார்ந்து முழுசாகப் பார்த்துவிடலாம்.

முதல்நாள், சின்ன எவர்சில்வர் தட்டுகளில் தண்ணீர் ஊற்றி, மல்லிகை மொட்டு, ரோஜா இதழ், மரிக்கொழுந்து, செண்டுப்பூ என்று போட்டோம். அரளியை மட்டும் தொடவிடவில்லை; அதன் பால் விஷம், சின்னப் பிள்ளைகள் ஐஸை வாயில் வைக்காமல் இருக்க மாட்டார்கள். தொங்கவிடுவதற்குப் பூக்கட்டும் வாழைநாரையே வளையமாக்கித் தட்டின் ஓரத்தில் முக்கி வைத்தோம். மறுநாள் காலையில் எடுத்துப் பார்த்தால் பூவெல்லாம் ஒரு பக்கமாக மேலே ஒட்டிக்கொண்டு, பாதி உடம்பு வெளியே நீட்டியபடி இருந்தது. இதழ்களுக்குள்ளே காற்று இருப்பதால் பூ மிதக்கும். அதனால் இரண்டாவது முறை பாதித் தண்ணீரை முதலில் உறையவிட்டு, அதன்மேல் பூவை அடுக்கி, கொஞ்சமாகத் தண்ணீர் தெளித்து ஒட்டவைத்து, பிறகு மீதியை ஊற்றினோம். பூ நடுவில் நின்றது.

ஆனால் பூ தெரியவில்லை. வில்லையின் ஓரமெல்லாம் கண்ணாடி, நடுவில் மட்டும் பால் ஊற்றியது போல வெண்மை.

"அத்தை, பால் ஐஸ் மாதிரி இருக்கு. நாம பாலே ஊத்தலையே?" என்றாள் எட்டு வயதுக்காரி.

மீன் கடையில் பார் ஐஸைப் பார்த்தவர்களுக்கு இந்த வெண்மை பழக்கம். நீளமான கட்டியின் நடுவே மேலிருந்து கீழ்வரை ஒரு வெள்ளைத் தண்டு ஓடும். அது காற்று. சாதாரணக் குழாய்த் தண்ணீர் ஒரு லிட்டரில் சுமார் 16 மில்லி காற்று கரைந்திருக்கிறது. தண்ணீர் உறையும்போது அதன் மூலக்கூறுகள் ஆறுமூலை வளையங்களாகக் கைகோத்து நிற்கின்றன. அந்த ஒழுங்கான வரிசையில் வேறு எதற்கும் இடம் கிடையாது. காற்றோ உப்போ, எல்லாவற்றையும் பனிக்கட்டி தனக்கு முன்னால் தள்ளிக்கொண்டே வளர்கிறது. தட்டில் நாலாபுறமும் ஓரத்திலிருந்து உள்நோக்கி உறைவதால் தள்ளப்பட்ட காற்று நடுவில் வந்து மாட்டிக்கொள்கிறது. அதற்குப் பிறகு போக வழியில்லை. கோடிக்கணக்கான நுண்குமிழிகளாக அங்கேயே சிறைப்படுகிறது. ஒவ்வொரு குமிழியும் ஒளியைச் சிதறடிப்பதால் நமக்கு வெள்ளையாகத் தெரிகிறது.

ஆலங்கட்டி மழையில் விழும் கட்டியைக் குறுக்கே உடைத்தால் வெங்காயத்தைப் போல அடுக்கடுக்காக, ஒரு வளையம் வெள்ளை, ஒரு வளையம் கண்ணாடி என்று இருப்பதற்கும் இதே காரணம்தான். மேகத்துக்குள் சட்டென்று உறைந்த அடுக்கில் காற்று சிக்கிக்கொள்கிறது. மெதுவாக உறைந்த அடுக்கில் அது தப்பித்துவிடுகிறது. ஒரு கட்டி மேகத்தில் எந்தெந்தச் சூழலைக் கடந்து வந்தது என்பது அதன் உடம்பிலேயே எழுதியிருக்கிறது.

அப்படியானால் காற்று தப்பிக்க வழி வைத்து உறைய வைத்தால்? ஏரி எப்படி உறைகிறது என்று பெரியவனிடம் கேட்டேன். மேலிருந்து கீழே என்றான், பாடத்தில் படித்திருக்கிறான். பக்கத்திலும் அடியிலும் மண் போர்வையாக இருக்க, குளிர் மேலே இருந்து மட்டும் இறங்குகிறது. அந்த ஏரியை ஒரு பெட்டிக்குள் செய்யலாம். பூ மார்க்கெட்டில் கிடைத்த சின்னத் தெர்மாகோல் பெட்டியில் தண்ணீர் நிரப்பி, மூடியைப் போடாமல் பிரீசரில் வைத்தோம். பக்கமும் அடியும் தெர்மாகோல் என்பதால் குளிர் மேலிருந்துதான் இறங்க முடியும். காற்றும் உப்பும் கீழே கீழே தள்ளப்படும். அடிவரை உறையவிடாமல், ஒரு நாள் கழித்து, மூன்று நான்கு விரற்கடை கனம் சேர்ந்ததும் கவிழ்த்து அடியில் மிச்சமிருந்த தண்ணீரைக் கொட்டினோம். கையில் வந்தது, ஜன்னல் கண்ணாடியைப் போல அந்தப் பக்கம் தெரிகிற கட்டி. மல்லிகை மொட்டு காற்றில் நிற்பதுபோல் அதற்குள் நின்றது. பிள்ளைகள் கொஞ்ச நேரம் பேசவே இல்லை.

போர்வெல் தண்ணீரில் செய்த கட்டி உருகியபோது பாத்திரத்தின் அடியில் வெள்ளைத் துகள் தங்கியது. எங்கள் பக்கத்து உப்புத்தண்ணீரில் கரைந்திருக்கும் சுண்ணாம்புதான் அது. பனிக்கட்டி தள்ளிவிட்டதில் ஒரே இடத்தில் நெருங்கி, கெட்டிப்பட்டு, மறுபடி கரையாமல் நின்றுவிட்டது. கெட்டில் அடியில் படிகிற அதே சரக்கு, இங்கே குளிரினால் பிரிந்து வந்திருக்கிறது.

எல்லாம் தயாரானதும் ஒரு நாள் காலை பத்து மணிக்கு மரத்தில் மாட்டினோம். வாழைநாரில் மூன்று, கட்டுக்கம்பியில் ஒன்று. கம்பியில் தொங்கியது பத்தே நிமிடத்தில் கீழே விழுந்து நொறுங்கியது. வெளிக்காற்றின் சூட்டைக் கம்பி நேராக ஐஸுக்குள் கடத்துகிறது. மேலே கட்டியின் கனம் வேறு மெல்லிய கம்பியின்மேல் அழுத்துகிறது. கத்தியைப் போல் அறுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டது. வாழைநாருக்குச் சூட்டைக் கடத்தத் தெரியாது. ஈரத்தைக் குடித்து ஐஸோடு ஐஸாக உறைந்து, வேர் விட்டதுபோல் பிடித்துக்கொள்கிறது. பூவைக் கட்ட நம் ஊரில் தேர்ந்தெடுத்த நார் இந்த வேலைக்கும் இவ்வளவு பொருத்தமாக அமைந்ததில் எனக்கு ஒரு தனி சந்தோஷம்.

நிழலில் தொங்கிய 200 கிராம் வில்லை 50 நிமிடம் தாங்கியது. 40 டிகிரி அனலில் இவ்வளவு நேரம் என்பது, யோசித்தால், ஆச்சரியமான விஷயம். ஒரு கிராம் பனிக்கட்டி உருக 80 கலோரி வேண்டும். இந்தச் சூடு வெப்பநிலையை ஒரு டிகிரிகூட ஏற்றாது. கைகோத்து நிற்கும் மூலக்கூறுகளின் பிடியைத் தளர்த்துவதிலேயே முழுக்கச் செலவாகிவிடும். அதே 80 கலோரியை உருகிய தண்ணீருக்குக் கொடுத்தால் அது 80 டிகிரிக்குப் போய்விடும். அதாவது நம் வில்லை உருகி முடிப்பதற்குள் சுற்றியிருக்கும் காற்றிடமிருந்து வாங்கிய சூட்டில், ஐஸ் தண்ணீராக இருக்கும் ஒரு டம்ளரை டீ போடுகிற சூட்டுக்குப் பக்கத்தில் கொண்டுபோயிருக்கலாம். சைக்கிளில் குச்சி ஐஸ் விற்றவர்கள் மரப்பெட்டியோடு மத்தியானம் முழுக்கச் சுற்ற முடிந்ததற்கு இந்த 80 கலோரிதான் துணை.

இந்தச் சூடு எங்கிருந்து வருகிறது? வெயிலில் இருந்து என்று நாலு பேர் சொன்னார்கள். நிழலில்தானே தொங்கியது? காற்றின் சூடு என்றான் ஒருவன். அது பெரும்பங்கு. இன்னொரு பங்கு கண்ணுக்குத் தெரியாமல் வருகிறது. அதைப் பார்ப்பதற்கு ஒரு மூடி போட்ட எவர்சில்வர் டம்ளரில் ஐஸைப் போட்டு, கிராம் காட்டுகிற சமையலறைத் தராசில் வைத்தோம். உள்ளே எதுவும் போகவில்லை, வெளியே எதுவும் வரவில்லை; ஆனாலும் இருபது நிமிடத்தில் எடை 2 கிராம் கூடியது. டம்ளரின் வெளிப்புறத்தில் பூத்த வியர்வைதான் அந்த 2 கிராம். டம்ளர் வியர்ப்பது எல்லோரும் அறிந்தது. அது காற்றில் ஆவியாக இருந்த தண்ணீர் என்பதும் தெரியும். ஆனால் ஆவி தண்ணீராக மாறும்போது தான் சுமந்துவந்த சூட்டை இறக்கிவைத்துவிட்டுத்தான் மாறும், அந்தச் சுமை மிகப் பெரியது என்பதுதான் விஷயம். ஒரு கிராம் ஆவி பனிக்கட்டியின்மேல் படிந்தால் ஏழரை கிராம் ஐஸை உருக்கும். தராசு காட்டிய 2 கிராம் வியர்வை, உள்ளே 15 கிராம் ஐஸைக் கரைத்திருக்கிறது. புழுக்கமான நாளில் ஐஸ் சீக்கிரம் போய்விடுகிறது என்று ஐஸ் விற்பவர்கள் சொல்வது சரியான கணக்கு.

குளிர்நாட்டு மரத்தில் இதற்கு நேர்மாறு நடக்கும். அங்கே காற்று வறண்டு இருந்தால் தொங்கும் ஐஸ் உருகாமலே, நேராக ஆவியாகி, நாளுக்கு நாள் மெலியும்.

இவ்வளவு சின்ன வில்லையே 50 நிமிடம் என்றால் பெரிய கட்டி? இந்த இடத்தில் பிள்ளைகளுக்கு ஃபிரெடரிக் டூடரின் கதையைச் சொன்னேன். அமெரிக்காவின் பாஸ்டன்காரர். அங்கே குளிர்காலத்தில் குளங்களில் உறையும் பனிக்கட்டியை அறுத்து, மரத்தூளில் பொதிந்து, கப்பலில் ஏற்றி வெப்பநாடுகளுக்கு விற்றவர். 1833 மே மாதம் அவருடைய 'டஸ்கனி' கப்பல் 180 டன் ஐஸோடு பாஸ்டனிலிருந்து புறப்பட்டது. பூமத்திய ரேகையை இரண்டு முறை கடந்து, நாலு மாதம் கடலில் கிடந்து, செப்டம்பரில் கல்கத்தா வந்தபோது ஏறக்குறைய 100 டன் மிச்சம் இருந்தது. சென்னையில் 1842-ல் அவர் கட்டிய ஐஸ் கிடங்கு கடற்கரைச் சாலையில் இன்றும் நிற்கிறது. 1897-ல் விவேகானந்தர் ஒன்பது நாள் தங்கியதால் அது இப்போது விவேகானந்தர் இல்லம். பக்கத்துப் பகுதிக்கு இன்றும் ஐஸ் ஹவுஸ் என்றுதான் பெயர்.

நாலு மாதம் எங்கே, 50 நிமிடம் எங்கே! மரத்தூளுக்குப் பங்கு உண்டு. ஆனால் பெரிய பங்கு அளவுக்கு. சூடு நுழைவது மேல்பரப்பின் வழியாகத்தான். கட்டியின் ஒவ்வொரு பக்கத்தையும் இரண்டு மடங்காக்கினால் மேல்பரப்பு நாலு மடங்குதான் ஆகும், உள்ளே இருக்கும் ஐஸோ எட்டு மடங்கு. வாசல் நாலாக, வீடு எட்டாக. கப்பலின் வயிற்றில் அடுக்கியது மொத்தமும் ஒரே பாறைபோல் நெருங்கி நின்றதால் நடுவில் இருந்த ஐஸுக்கு நாலு மாதமும் வெளிக்காற்றே தெரியாது.

வெயிலில் மாட்டிய இரண்டு கட்டிகளில் வேறொன்று நடந்தது. எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். இரண்டும் தெர்மாகோல் பெட்டியில் செய்த தெளிவான கட்டிகள். ஒன்றில் கருஞ்சிவப்பு ரோஜா இதழ், இன்னொன்றில் மல்லிகை. கொஞ்ச நேரத்தில் ரோஜா இதழைச் சுற்றி, கட்டிக்கு உள்ளேயே, தண்ணீர் வளையம் ஒன்று உண்டாகி, இதழ் அதில் லேசாக ஆட ஆரம்பித்தது. வெளிப்புறம் இன்னும் கெட்டி. தெளிவான பனிக்கட்டி கண்ணுக்குத் தெரிகிற ஒளியைப் பெரும்பாலும் தடுக்காமல் விட்டுவிடும். உள்ளே போன ஒளியை அடர்நிற இதழ் விழுங்கிச் சூடாகி, தன்னைச் சுற்றித் தானே உருக்கிக்கொள்கிறது. மல்லிகை வெள்ளை, வந்த ஒளியைத் திருப்பி அனுப்பிவிடுவதால் அது கடைசிவரை அசையாமல் நின்றது.

பனிக்கட்டி தனக்குள்ளே பூப் பூப்பதும் உண்டு. அயர்லாந்தில் பிறந்த ஜான் டிண்டால் என்ற இயற்பியலாளர் பத்தொன்பதாம் நூற்றாண்டில் தெளிவான ஐஸுக்குள் சூரிய ஒளியைச் செலுத்தி, லென்ஸால் பார்த்தபோது, உள்ளே ஆறு இதழ் கொண்ட சின்னஞ்சிறு நீர்ப்பூக்கள் தோன்றின. ஐஸ் எந்த ஆறுமூலை ஒழுங்கில் கட்டப்பட்டதோ, அதே ஒழுங்கில்தான் உள்ளுக்குள் அவிழ்கிறது. ஒவ்வொரு பூவின் நடுவிலும் வெள்ளி போல் மின்னும் ஒரு புள்ளி. அது காற்று இல்லாத வெற்றிடம். உறையும்போது தண்ணீர் ஏறக்குறைய 9 விழுக்காடு விரிகிறது அல்லவா, உருகும்போது அந்த இடம் மிச்சப்படுகிறது, நிரப்ப எதுவும் இல்லை. 1871 கிறிஸ்துமஸ் விடுமுறையில் லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் பிள்ளைகளுக்கென்றே ஐஸையும் தண்ணீரையும் ஆவியையும் பற்றித் தொடர் உரைகள் நிகழ்த்தினார் டிண்டால். பனிக்கட்டியைப் பிள்ளைகளுக்கு முன்னால் வைத்துப் பேசுவதற்கு அவர் நேரம் ஒதுக்கியதை நினைத்தால் மனிதர்மேல் பிரியம் வருகிறது. நாங்களும் பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தோம் (வெயிலைக் குவிக்கிற வேலையைப் பெரியவர்கள் மட்டும் செய்ய வேண்டும்). நிறையப் புள்ளிகள் மின்னின. அவற்றில் இரண்டு மூன்றுக்கு இதழ் இருந்ததைக் கடைக்குட்டிதான் முதலில் கண்டுபிடித்தாள்.

மத்தியானத்துக்குள் மரத்தடியில் ஈரமண்ணும் பூவும் மட்டும் கிடந்தன. ஐஸிலிருந்து விழுந்த மல்லிகை மொட்டுகளைப் பொறுக்கிக் கையில் வைத்தால், காலையில் இருந்த வெண்மை இல்லை; எண்ணெய்க் காகிதம்போல் ஒளி ஊடுருவியது. அழுத்தினால் சாறு கசிந்தது. ஒரு மணி நேரத்தில் ஓரமெல்லாம் பழுப்பேறிவிட்டது. அப்போதுதான் பெட்டி கட்டிய அக்கா சொன்னது புரிந்தது.

பூ என்பது தண்ணீர் நிரம்பிய கோடிக்கணக்கான உயிரணுப் பைகள். உறையும்போது பைகளுக்கு வெளியே ஐஸ் ஊசிகள் வளர்ந்து, உள்ளிருக்கும் தண்ணீரை இழுத்துக்கொண்டு, சவ்வுகளைக் கிழித்துவிடுகின்றன. உறைந்திருக்கும்வரை வெளியே ஒன்றும் தெரியாது. கண்ணாடிக்குள் பூ அழகாகவே நிற்கும். உருகியதும் கிழிந்த பைகளிலிருந்து எல்லாம் வழிந்து கலக்கிறது. அதுவரை தனித்தனி அறைகளில் இருந்த நொதிகளும் மற்றச் சேர்மங்களும் ஒன்றோடொன்று சேர்ந்து, காற்றும் பட்டதும் பழுப்பு ஏறுகிறது. கத்தரிக்காயை நறுக்கி வைத்தால் கறுக்கிறதே, அதே வேதியியல். கொடைக்கானலிலும் நீலகிரியிலும் டிசம்பர், ஜனவரியில் மேகமில்லாத இரவில் தரை தன் சூட்டை வானத்துக்கு விட்டு உறைபனி படிந்தால், தேயிலையும் காய்கறிப் பயிரும் கருகியது என்றுதான் விவசாயிகள் சொல்கிறார்கள். சொல் சரியானது. செத்த இலை தீய்ந்த இலையைப் போலவே இருக்கும்.

உறையாத குளிர் செய்வது முற்றிலும் வேறு வேலை. பறித்த பிறகும் மொட்டு மூச்சுவிடுகிறது. சேர்த்துவைத்த சர்க்கரையை எரித்து மலர்வதற்குத் தயாராகிறது. வெப்பநிலை 10 டிகிரி இறங்கினால் அந்த எரிதல் பாதிக்கும் கீழே குறைந்துவிடும். சாயந்தரம் மலர வேண்டிய மொட்டு ஒரு நாள் பொறுத்திருக்கும். தெர்மாகோல் பெட்டியில் பேப்பர் சுற்றிய ஐஸ் பை மொட்டுக்கு வாங்கிக் கொடுப்பது இந்த அவகாசத்தை. பேப்பரின் கனம்தான் தூங்கவைப்பதற்கும் கருக்குவதற்கும் நடுவில் இருக்கிறது.

அன்று காலை வாங்கியதில் ஒரு கைப்பிடி மொட்டை ஈரத்துணியில் சுற்றி பிரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்திருந்தோம். நாலு மணிக்கு அதை எடுத்து ஒரு கிண்ணத்திலும், மரத்தடியில் பொறுக்கியதை இன்னொரு கிண்ணத்திலும் போட்டுத் திண்ணையில் வைத்தார்கள் பிள்ளைகள். மல்லிகை தன் மணத்தை முன்கூட்டியே செய்து வைத்துக்கொள்வதில்லை. இதழ் விரிய விரியத்தான் செய்து காற்றில் விடும். தெருவிளக்கு எரிந்து கொஞ்ச நேரம் கழித்து எட்டு வயதுக்காரி கண்ணை மூடிக்கொண்டு இரண்டு கிண்ணத்தையும் ஒவ்வொன்றாக மோந்தாள். பிறகு மலர்ந்திருந்த கிண்ணத்தைக் கடைக்குட்டியின் முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பிடித்தாள்.